உடலோம்பலும் உரிமையும்
(கல்விச் சங்க வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விக்காகத் தோன்றிய சங்கத்தின் விழாவில் உடல் நலத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு அண்மையாக வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்து வருபவன் என்ற முறையில் அதற்கு விடை கூற விழைகிறேன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் திடீரென நின்றுவிடுகிறான். பதிவேட்டில் தொடர்ந்து ‘வரவில்லை’ என்றே குறிக்கப்படுகிறது. காலனிக்குச் சென்று வீட்டில் விசாரித்தால், தந்தை படுத்த படுக்கையாய் இருப்பார். அல்லது தாய்க்கு அறுவை மருத்துவம் நடந்து, அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும். பையன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்திருப்பான். நான் அறிந்தவரை, நம் பிள்ளைகளுள் மூளை மந்தத்தால் பள்ளியை விட்டவர்களைக் காட்டிலும் வீட்டிலுள்ளோரின் நோயால் விட்டவர்களே மிகுதி. ஆகவே நோயைத் தடுப்பதும், வந்த நோயைக் கடன்படாமல் தீர்ப்பதும் கல்விச் சங்கத்தின் கடமையோடு சேர்ந்தவையே ஆகும்.

முன்னோர் இருவர்

நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். 1845இல் பிறந்து 1914இல் மறைந்த பண்டிதர் அயோத்திதாசரைச் சிந்தனையாளராகவும் பத்திரிகையாளராகவும் நாம் போற்றுகிறோம். அவர் பிழைப்புக்காகக் கைக்கொண்ட தொழில் சித்த மருத்துவம் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். நாடி பார்த்து மருந்து கொடுத்த அதே கைதான் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி எழுதியது. உடற்பிணியையும் சமூகப் பிணியையும் ஒருங்கே நோக்கிய மருத்துவர் அவர்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வோ நமக்கு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துத் தருகிறது. இரவு பகல் பாராது படித்தும் எழுதியும் உழைத்த அப்பெருமகனார், பிற்காலத்தில் சர்க்கரை நோயாலும் கால் நரம்பு வலியாலும் கண்பார்வைக் குறைவாலும் பெரிதும் துன்புற்றார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அவர், டிசம்பர் 6ஆம் நாள் தம் 65ஆம் வயதில் மறைந்தார். ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற அவருடைய நூல் 1957இல் வெளிவந்தபோது அதைக் காண அவர் இல்லை. இன்னும் பத்தாண்டுகள் அவர் உடல் தாங்கியிருந்தால் நம் வரலாறு எப்படி அமைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் காலத்தில் அந்நோய்க்கு இன்றைய மருந்துகள் இல்லை. நமக்கு உள்ளன, அவற்றுட் பல அரசு மருத்துவமனையில் விலையின்றியே கிடைக்கின்றன. அவ்வாறிருந்தும் நாம் கெடுவோமாயின் யாரை நோவது?

உழைப்பும் பயிற்சியும்

“நாள் முழுதும் உடலால் உழைப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு ஐயா? அது உட்கார்ந்து சம்பளம் வாங்குபவர்க்கு அல்லவா?” என்று என் பழைய மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இரும்பு உருக்கி உருட்டும் ஆலையில் எட்டு மணி நேரம் நிற்பவன் படும் பாட்டை நான் அறிவேன். ஆனால் அவ்வுழைப்பின் தன்மையைச் சற்று ஆராய வேண்டும். ஒரே தசைக்கு ஒரே சுமை, இடைவிடாத வெப்பம், மூச்சில் தூசி, வாரத்துக்கு வாரம் மாறும் இரவு ஷிப்டு, உறக்கக் கேடு, பசி அடங்கத் தேநீரும் பரோட்டாவும், களைப்பு தீரச் சிலருக்கு மது. இத்தகைய உழைப்பு முதுகெலும்பையும் மூட்டையும் தேய்க்குமேயன்றி, இதயத்தையும் நுரையீரலையும் வளர்க்காது. பயிற்சி என்பது நல்ல காற்றில், நம் விருப்பப்படி, படிப்படியாக, இடையில் ஓய்வுடன் செய்யப்படுவது. உழைப்பு நம்மைச் செலவழிக்கிறது. பயிற்சி அதை ஈடு செய்கிறது.

2020இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைப்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும். பள்ளிப் பருவத்தினர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் செய்ய வேண்டும். இக்கணக்கு நமக்கு எட்டாததன்று. வீட்டிலிருந்து வேலைக்களம் நான்கு கிலோமீட்டர் எனில், மிதிவண்டியில் போக ஒரு கால் மணி, வர ஒரு கால் மணி. வாரத்தில் ஐந்து நாள் அவ்வாறு சென்றால் 150 நிமிடம் நிறைந்துவிடும். தனியாகக் கூடம் வேண்டா, கட்டணம் வேண்டா, பெட்ரோலும் மிச்சம். மூட்டின்மேல் உடற்சுமை ஏறாமல் காலை இயக்குவதால் நடுவயதினர்க்கும் மிதிவண்டி ஏற்றது. ஐம்பதைக் கடந்த நானும் பள்ளிக்கு மிதிவண்டியில்தான் செல்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடெங்கும் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2023இல் வெளிவந்தது. நம் நாட்டு வளர்ந்தோரில் 100க்கு 11 பேருக்கு மேல், அதாவது 10 கோடிப் பேர் அளவில், சர்க்கரை நோய் உடையவர் என்று அது கூறிற்று. இந்நோயும் இரத்தக் கொதிப்பும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலி வரும்போது சிறுநீரகமோ கண்ணோ காலோ கெட்டிருக்கும். எனவே முப்பது வயதான ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்பக் காணப்பட்டாலும், வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் மருத்துவரிடம் சென்றே ஆக வேண்டும்.

மிதிவண்டியும் நம் வரலாறும்

நாளை நீங்கள் ஏறப்போகும் வண்டியைப் பற்றி ஒரு சொல். இவ்வண்டி பலருக்கு வெறும் ஊர்தி; நமக்கு அது ஒரு வரலாறு. ஊர்த்தெருவில் நம்மவர் மிதிவண்டியில் அமர்ந்து செல்லக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமை தமிழகத்தின் பல சிற்றூர்களில் வழங்கி வந்தது. காலில் செருப்பைக் கழற்று, வண்டியை விட்டு இறங்கு என்ற கட்டளைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவ்வரங்கில் இருக்கிறார்கள். இது பழங்கதை என்று ஒதுக்க இயலாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்கு 2015இல் திருத்தம் செய்து, 2016 சனவரி 26 முதல் நடைமுறைப்படுத்தியபோது, பொது இடங்களில் நம்மவர் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், காலணியோ புத்தாடையோ அணிவதையும் தடுப்பது குற்றம் என்று நாடாளுமன்றம் தனியே எழுத வேண்டியிருந்தது. மிதிவண்டி என்ற சொல் அச்சட்டத்துள் ஏன் புகுந்தது என்று ஒவ்வோர் இளைஞனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் நமக்கு அண்மையிலுள்ள அம்பத்தூரில்தான் தொழிற்சாலை அமைத்தது. வண்டி செய்யும் ஊர் பக்கத்தில் இருந்தும், அதில் ஏறும் உரிமை தொலைவில் இருந்தது. 2001-02ஆம் கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது எல்லா வகுப்பாருக்கும் விரிவாக்கப்பட்டது. பின்னாளில் அனைவர்க்கும் பயன்பட்ட ஒரு திட்டம் நம் பெண் குழந்தைகளிடமிருந்து தொடங்கியது என்பது நமக்குப் பெருமையே.

அதற்கும் முன்னரே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அதற்குப் பேராதரவு அளித்தார். கல்குவாரியில் உடைப்போரும் வயலில் நடுவோருமான ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வண்டி ஓட்டக் கற்றனர். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு தாமே ஓட்டினர். பேருந்துக்கும் ஆண் துணைக்கும் காத்திருப்பது ஒழிந்தது. இதை நம் சகோதரிகளுக்காகவே கூறுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அரசு கொடுத்த வண்டியைத் திண்ணையில் சாய்த்துவிட்டோ விற்றுவிட்டோ போகாதீர்கள். அது உங்கள் கல்லூரிக்கும், வேலைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வழி.

சம்பளத்தில் பிடித்த உரிமை

இனி, நோய் வந்தபின் எங்கே செல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். நம் குடும்பங்களில் பெரும்பாலோர்க்கு இரண்டு வழிகளே தெரியும். ஒன்று, ஊசி போடும் தனியார் மருத்துவர், மற்றொன்று, வட்டிக்கடை. இவ்விரண்டுக்கும் முன்னே மூன்றாம் வழியொன்று சட்டத்தால் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ. என்பதே அது.

அதன் பிறப்பைக் கேளுங்கள். 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிர்வாக அவையில் தொழிலாளர் துறையை நடத்தியவர் அண்ணல் அம்பேத்கர். அக்காலத்தில், 1943இல், தொழிலாளர்க்கு நோய்க் காப்பீடு அமைப்பது பற்றி ஆராயப் பேராசிரியர் அடார்கர் அமர்த்தப்பட்டார். 1944இல் அவர் அறிக்கை தந்தார். அதன் வழியே உருவான சட்டம் 1948இல் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் பாபு ஜகஜீவன்ராம். 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த இரு பெரியோர் துறையை நடத்திய காலங்களில் வேரூன்றி முளைத்த திட்டம் இது. அதன் பயனை நம் பிள்ளைகளே அறியாதிருப்பது எவ்வளவு வருந்தத்தக்கது! அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கியது, திட்டம் தொடர்கிறது.

கணக்கைச் சொல்கிறேன். 2017 சனவரி முதல் நடைமுறையான வரம்பின்படி மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதற்குரியவர். 2019 சூலை முதலான விகிதப்படி, தொழிலாளி தம் ஊதியத்தில் 100க்கு முக்கால் ரூபாயும், முதலாளி 100க்கு மூன்றேகால் ரூபாயும் செலுத்த வேண்டும். 15,000 ரூபாய் ஊதியமாயின் உங்கள் பங்கு ஏறத்தாழ 113 ரூபாய். முதலாளி பங்கு ஏறத்தாழ 488 ரூபாய். இதற்கு ஈடாக உங்களுக்கும், மனைவி அல்லது கணவருக்கும், பிள்ளைகளுக்கும், உங்களை நம்பி வாழும் பெற்றோர்க்கும் மருத்துவம் கிடைக்கிறது. உரிய காலத்துக்குப் பங்குத்தொகை செலுத்தியிருந்தால், நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் 100க்கு 70 வீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். நாட்கூலி 500 என்று கொண்டால், நாளொன்றுக்கு 350 ரூபாய். பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம் ஊதியத்தோடு ஓய்வு உண்டு. வேலையின்போது விபத்து நேர்ந்தால் 100க்கு 90 வீதம் உதவித்தொகை உண்டு. இதற்கு இத்தனை மாதம் பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளில் அடிபட்டாலும் உரிமை உரிமையே.

ஒப்பந்தக் கூலிக்கு இது இல்லை என்று சொல்லிவிடுவார்கள், நம்பாதீர்கள். என் பழைய மாணவன் ஒருவன் இரும்பு ஆலையொன்றில் ஒப்பந்ததாரரின் கீழ் வேலை செய்கையில் வலக்கைக் கட்டைவிரலை இழந்தான். ஒப்பந்ததாரர் அவனைத் தனியார் மருத்துவமனையில் கட்டுப்போட வைத்து, சில ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, ஒரு தாளில் கையொப்பம் வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவனுக்கு இ.எஸ்.ஐ. எண் இருந்ததா என்பது அவனுக்கே தெரியவில்லை. விபத்துப் பதிவேட்டில் எழுதப்படவும் இல்லை. நிலையான ஊனத்துக்குரிய மாத உதவித்தொகையை வாழ்நாள் முழுதும் பெறவேண்டியவன், ஒரு திங்கள் அரிசிக்கும் போதாத பணத்தைப் பெற்றான். கொடுத்தவர் அதைத் தருமம் என்றார். வாங்கியவனும் தருமம் என்றே எண்ணினான். நம் மக்கள் தங்கள் உரிமையைத் தருமமாக எண்ணிப் பெறும் காலம் ஒழிய வேண்டும்.

எனவே இளைஞர்களே, சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளதா என்று பாருங்கள். பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைக் கையிலும் வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள். குடும்பத்தார் பெயர் சேர்க்கப்பட்டுள்ளதா என்று கவனியுங்கள். ஒப்பந்ததாரர் பதிவு செய்யத் தவறினால் அப்பொறுப்பு ஆலையின் முதன்மை முதலாளியைச் சாரும். அடிபட்ட அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்; உடனிருந்த இருவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவத்துக்குச் சென்னையில் அயனாவரத்திலும் கலைஞர் கருணாநிதி நகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன.

அரசு மருத்துவமும் காப்பீடும்

ஆலை வேலை இல்லாத உழவுக் கூலிக்கும், சித்தாளுக்கும், முதியோர்க்கும் என்ன வழி? அவர்களுக்கு அரசு மருத்துவமனை உண்டு. அங்கே கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு, சிலரின் கடுஞ்சொல்லும் உண்டு. இவற்றை நான் மறைக்கவில்லை. ஆயினும் மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் பார்த்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பத் தமிழகத்தில் 1994இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் பிற மாநிலங்களும் பின்பற்றிய முன்மாதிரியாகும். நம் திருவள்ளூரில் 2022 சனவரி 12ஆம் நாள் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. வெளியில் மருந்து வாங்க நேர்ந்தால், மருத்துவரிடம் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தருமாறு கேளுங்கள். மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழகமெங்கும் திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்கள் போன்றவற்றிலும் அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை அறுவை மருத்துவம் முதலியவற்றுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பொருந்தும். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். நோய் வந்த பிறகு அலையாமல், நலமாக இருக்கும் இந்த வாரத்திலேயே பதியுங்கள். கொல்கத்தா நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தால் 108க்குத் தெரிவியுங்கள். 2021 திசம்பர் 18ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கட்டணமின்றி அளிக்கப்படும்.

குறைந்த செலவு மருத்துவம் தரங்குறைந்தது என்ற எண்ணத்தை நம் மண்ணே பொய்யாக்கியது. 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் அமைந்தது. நெருக்கடியான வீடுகளில் குறை உணவோடு வாழ்ந்த ஏழை நோயாளிகளைப் பாதிப் பேராகப் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறு பாதியினரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர் என்று 1959இல் முடிவு வெளியாயிற்று. உலக நாடுகள் தம் காசநோய் மருத்துவ முறையையே அதன்பின் மாற்றிக்கொண்டன. 1968இல், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இதே திருவள்ளூர் வட்டாரத்தில், பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய மாபெரும் ஆய்வு தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட நம் பகுதி மக்கள் அதில் பங்குகொண்டனர். வளர்ந்தோரின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுப்பதில்லை என்பதை உலகம் அறிந்தது அவர்களால்தான். குழந்தைகளைத் தாக்கும் கொடிய காச வகைகளுக்கு எதிராக அது இன்றும் பயன்படுகிறது. உலகுக்கே மருத்துவப் பாடம் கற்பித்த மக்களின் பிள்ளைகள் நீங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குச் செல்லத் தயங்கலாமா? காசநோய்க்கு மருந்து இலவசம். ஊட்ட உணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் உதவியும் அறிவிக்கப்பட்டது.

அறப் பயணம்

இவ்வளவு வழிகள் இருந்தும் நம் மக்கள் ஏன் அவற்றைப் பயன்படுத்துவதில்லை? மருத்துவம் இலவசமாயினும் மருத்துவமனைக்குச் செல்வது இலவசமன்று. நோயாளியின் ஒரு நாட்கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் சேரும். மீண்டும் அடுத்த வாரம் வா என்பார்கள். திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில், மருத்துவத்துக்கு நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்து கொடுப்பவர் என நான்கு உறுப்புகளைச் சொன்னார். முதல் மூன்றும் நம்மிடம் உண்டு. நான்காவது உறுப்புத்தான் இல்லை. அவ்விடத்தை நிரப்பவே நாளைய மிதிவண்டிப் பயணம்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்ற இளைஞர், 1980இல் 36 பேரோடு மிதிவண்டிப் பயணம் ஒன்றைத் தொடங்கினார். ஓட்டுபவர் ஒவ்வொருவரும் தம் உறவினரிடமும் நண்பரிடமும் நன்கொடை பெற்றுப் புற்றுநோய் மருத்துவ நிலையத்துக்கு அளிப்பது அதன் முறை. ஆண்டுதோறும் தொடர்ந்த அப்பயணம் இதுவரை திரட்டிய தொகை 100 கோடி டாலரைக் கடந்துவிட்டது. தொடக்கம் 36 வண்டிகள் என்பதையே நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் கணக்கு சிறியது. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், புதுவாயல், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை ஐம்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இளைஞரும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தருவதாக இருபது பேரிடம் உறுதி பெற்றால், ஒருவர் 1,000 ரூபாய் திரட்டுவார். முப்பது பேர் ஓட்டினால் 30,000 ரூபாய். ஒரு நோயாளிக்கும் துணைக்கும் ஒரு முறை சென்றுவரவும் உண்ணவும் 300 ரூபாய் என்றால், நூறு பயணங்களுக்கு அது போதும். பண்டிதர் ஒரு பைசாவுக்கு இதழ் நடத்தினார். நாம் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோமீட்டர் ஓட்டுவோம்.

ஆனால் ஒன்றை வற்புறுத்துகிறேன். இந்நிதி மருத்துவக் கட்டணம் செலுத்துவதற்கன்று. முதலாளி தரவேண்டியதை முதலாளியிடமும், அரசு தரவேண்டியதை அரசிடமும் கேட்டுப் பெற வேண்டும். நம் மக்களின் ஒரு ரூபாயை அவர்கள் கடமைக்கு ஈடாகக் கொட்டுவோமானால் அக்கடமையிலிருந்து அவர்களை விடுவித்தவர் ஆவோம். எந்தச் சட்டமும் எந்தத் திட்டமும் எட்டாத இடத்துக்கு, அதாவது வழிச்செலவுக்கும் துணையாளுக்கும், இந்நிதி பயன்படட்டும். வரவு செலவு திங்கள்தோறும் சங்கப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். உதவி பெற்றவர் பெயர் மட்டும் எழுதப்படலாகாது.

பணம் திரட்டுவதோடு உங்கள் பணி முடிவதுமில்லை. வழியிலுள்ள காலனிகளில் இறங்கி, ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆலைத் தொழிலாளி இருந்தால், அவருடைய இ.எஸ்.ஐ. எண் என்ன? காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு உண்டா? இந்த ஆண்டு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தீர்களா? விடைகளை ஏட்டில் எழுதுங்கள். எண் தெரியாதவர்க்கு எண்ணைக் கண்டறிந்து தருவதும், பதிவு இல்லாதவரை ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வதும் அடுத்த மூன்று மாதத்துக்கு உங்கள் வேலை.

நாளைக்குச் சில அறிவுரைகள். மிதிக்கட்டை கீழே இருக்கும்போது கால் ஏறத்தாழ நீளும்படி இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். தாழ்ந்த இருக்கை முழங்காலைக் கெடுக்கும். இரவே காற்றையும் பிரேக்கையும் சரிபாருங்கள். தாகம் எடுக்குமுன் தண்ணீர் அருந்துங்கள். புதுவாயலுக்குப் பின் கனரக லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. அங்கே ஒருவர் பின் ஒருவராக ஓரமாகச் செல்லுங்கள், இணையாகச் செல்லாதீர்கள். பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டுங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் உள்ளவர் உடனே இறங்கிச் சொல்ல வேண்டும். இது பந்தயமன்று, கடைசியில் வருபவர்க்காக முன்னே சென்றவர் காத்திருக்க வேண்டும். எந்த ஊர்த் தெருவானாலும் வண்டியை விட்டு இறங்காமல், யாரையும் புண்படுத்தாமல், அமைதியாக ஓட்டிச் செல்லுங்கள். அது உங்கள் உரிமை.

இச்சங்கம் தன் முதல் இருபத்தைந்து ஆண்டில் நம் வீடுகளில் புத்தகம் புகச் செய்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டில், நோயின் பொருட்டு ஒரு பிள்ளையும் பள்ளியை விட்டு நிற்கவில்லை என்று சொல்லும் நிலையை உருவாக்கட்டும். அப்பணியில் என்னாலான உழைப்பைத் தருவேன் என்று உறுதி கூறுகிறேன்.